பிங் போகிறது, லாகின் நிற்கிறது

லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களில் உணர்ச்சிக்கு இடம் கிடையாது. எந்தக் கட்டளைக்கு எந்த சுவிட்ச், அது என்ன செய்யும், அவ்வளவுதான். ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் கருவியின் கையேட்டில் மட்டும் ஓரிடத்தில் எழுதியவருக்குப் பொறுமை போய்விட்டது. டிசிபிஎம்எஸ்எஸ் என்ற சிறு வசதியை விளக்கும் பத்தி அது. சில இணையச் சேவை நிறுவனங்களையும் சர்வர்களையும் மூளை செத்தவை என்று திட்டி, அந்த மூளையின்மை குற்றம் என்று சொல்லத்தக்க அளவுக்கு முற்றியது என்றும் சேர்த்துக்கொள்கிறது. அவர்கள் செய்த பாவம், ஒரு குறிப்பிட்ட எச்சரிக்கைச் செய்தியை வழியிலேயே தடுத்தது. அதனால் தோன்றும் மூன்று அறிகுறிகளையும் கையேடு தருகிறது. பிரவுசர் இணையும், பிறகு எதுவும் வராமல் உறைந்துபோகும். சின்ன மின்னஞ்சல் போகும், பெரியது நிற்கும். எஸ்எஸ்ஹெச் லாகின் ஒழுங்காக நடக்கும், எஸ்சிபி மூலம் கோப்பு அனுப்பினால் ஆரம்ப அறிமுகத்தோடு நின்றுவிடும்.

விபிஎன் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பார்த்துத் தோற்றவர்களுக்கு இந்த உறைவு பழக்கமானது. விபிஎன் இணைந்துவிட்டதாகத் திரை சொல்கிறது. சர்வரைப் பிங் செய்தால் பதில் வருகிறது. லாகின் கொடுத்தால் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. விபிஎன்னைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டால் “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், பிங் வருதே” என்பார். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் “ஆபீசுக்குள்ள இருந்து லாகின் ஆகுதே” என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதுதான் சிக்கலே.

எங்கே தோற்கிறது என்று தேடும் முன் எப்படித் தோற்கிறது என்று பார்ப்பது நல்லது. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனடியாகப் பதில் வந்தால் ஒருவகையில் மகிழலாம். உங்கள் பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே ஒரு கணினி அதைப் படித்திருக்கிறது, “இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை” என்று சொல்ல ஒரு பாக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறது, அதுவும் வந்து சேர்ந்திருக்கிறது. போக்குவரத்து இரு பக்கமும் நடக்கிறது. நேரம் கடந்துவிட்டது என்று வெகுநேரம் கழித்து வந்தால் அது வேறு கதை: முதல் பாக்கெட்டையே யாரோ விழுங்கிவிட்டார்கள், அல்லது பதிலுக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. பெயரே கிடைக்கவில்லை என்றால் அது டிஎன்எஸ் சமாச்சாரம். சர்வரின் உள் பெயரை அலுவலக டிஎன்எஸ் மட்டுமே அறியும். உங்கள் மடிக்கணினி இன்னும் வீட்டு ரவுட்டரிடமே கேட்டுக்கொண்டிருக்கும். இவை மூன்றும் தாமாகவே வாய் திறப்பவை. நான்காவது வகையில் இணைப்பு கிடைக்கிறது, பேச்சு தொடங்குகிறது, நடுவில் நின்றுபோகிறது. இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி அதற்குத்தான்.

எஸ்எஸ்ஹெச் பிறந்தது 1995இல். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென், ஒட்டுக்கேட்டாலும் புரியாத ஒரு லாகின் முறையை எழுதினார். பாஸ்வேர்டை வெளிப்படையாக அனுப்பிய டெல்நெட்டின் போர்ட் 23, எஃப்டிபியின் போர்ட் 21. இரண்டையும் ஓய்வு கொடுத்து அனுப்பும் திட்டத்தோடு, நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது 1999இல் ஓபன்பிஎஸ்டி குழு வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்ஹெச்.

அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: சிறிய வி சுவிட்சைக் கொடுத்தால் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக ஒப்பிக்கும். மூன்று முறை கொடுத்தால் இன்னும் விரிவாக. முதலில் டிசிபி இணைப்பு கிடைத்ததாகச் சொல்லும். அடுத்து இரு பக்கமும் தத்தம் பதிப்பு எண்ணைப் பரிமாறிக்கொள்ளும். பிறகு தனக்குத் தெரிந்த குறியாக்க முறைகளின் பட்டியலை அனுப்பியதாக ஒரு வரி வரும்; அந்தப் பட்டியலுக்கு கெக்ஸ்இனிட் என்று பெயர். அதன்பின் சாவிப் பரிமாற்றத்தின் பதிலை எதிர்பார்ப்பதாக ஒரு வரி. நம் நோயாளி பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளில் ஒன்றில்தான் உறைந்து நிற்பார். லாகினை முடிக்க ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் இயல்பாகத் தரும் அவகாசம் 120 விநாடி. பல நேரங்களில் சரியாக இரண்டு நிமிடம் கழித்து இணைப்பு துண்டிக்கப்பட்டதாகச் செய்தி வருவது அதனால்தான். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு சர்வர் நம்மை விரும்பவில்லை என்று நினைப்பது இயல்பு. சர்வரோ நாம் பேசவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் அளவுகளைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் பிங் இயல்பாக அனுப்பும் பாக்கெட் தலைப்புகளையும் சேர்த்து 84 பைட். விண்டோஸில் 60. டிசிபி இணைப்பைத் தொடங்கும் மூன்று பாக்கெட்டுகளும் ஏறக்குறைய 60 பைட்டுக்குள் அடங்குபவை. பதிப்பு எண் வரி சில பத்து எழுத்துகள். இதுவரை சிக்கலில்லாமல் போய்வந்தவை எல்லாம் பொடிசுகள். குறியாக்கப் பட்டியல் ஆயிரம் பைட்டைத் தாண்டும். அந்த உரையாடலில் வரும் முதல் பெரிய பாக்கெட் அதுதான், மாட்டிக்கொள்வதும் அதுதான். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வகத்தில் பிங்கை எழுதிய மைக் மூஸ், சோனாரின் எதிரொலியை நினைத்து அந்தப் பெயரை வைத்தார். எதிரே ஒருவர் இருக்கிறாரா என்று கேட்க அது போதும். இடையிலுள்ள வழி எவ்வளவு அகலம் என்று அது தானாகச் சொல்லாது. அதற்கென்று தனியாகக் கேட்க வேண்டும்.

அகலம் என்றதும் 1500 என்ற எண் வந்தாக வேண்டும். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் பாப் மெட்காஃப் தொடங்கிய ஈதர்நெட், 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட பொதுத் தரமானது. ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 1500 பைட் என்று அதில் வரம்பு வைத்தார்கள். அன்றைக்கு நினைவகச் சில்லுகள் விலை கூடியவை. ஒவ்வொரு கணினியும் ஒரு முழுப் பாக்கெட்டைப் பிடித்து வைக்க இடம் ஒதுக்க வேண்டும். அதோடு ஒரே கம்பியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் காரணங்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. நொடிக்குப் பத்து மெகாபிட் ஓடிய இடத்தில் இப்போது நூறு கிகாபிட் ஓடுகிறது. 1500 மட்டும் அப்படியே இருக்கிறது. வழியிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் மாறினால்தான் அதை மாற்ற முடியும், அது நடக்கப்போவதில்லை.

இந்த 1500க்குள் இருபது பைட் ஐபி தலைப்பு, இன்னொரு இருபது பைட் டிசிபி தலைப்பு. மிச்சம் 1460. இணைப்பு தொடங்கும்போதே இரு பக்கமும் “எனக்கு இவ்வளவுக்கு மேல் ஒரே துண்டாக அனுப்பாதே” என்று ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்ளும். அதன் பெயர் எம்எஸ்எஸ். சாதாரண கணினி 1460 என்று சொல்லும். விபிஎன் இல்லாத வரை இதில் பெரும்பாலும் வம்பு கிடையாது.

விபிஎன் செய்யும் வேலை, ஒரு முழுப் பாக்கெட்டைப் பூட்டி இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புவது; அப்படிப் போகும் வழியைச் சுரங்கம் என்பார்கள். கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் சரக்கு லாரிகளை இறக்காமல் அப்படியே தட்டை வேகன்களில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். சாலையில் தாராளமாக ஓடிய லாரி வேகன் மேல் ஏறியதும் உயரம் கூடிவிடுகிறது. மலைச் சுரங்கத்தின் கூரை கூடுவதில்லை. அதனால் ஏற்றும் நிலையத்திலேயே லாரியின் உயரத்தை அளக்கிறார்கள். வரம்பு மீறினால் ரயிலில் இடமில்லை. ஓட்டுநருக்குக் கோபம் வரும், ஆனால் காரணம் தெரியும். இணையத்திலும் இந்த அளவுகோல் இருக்கிறது. கையேட்டில் வசை வாங்கியவர்கள் பிடுங்கிப் போட்டது அதைத்தான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 பதிப்போடு கெர்னலுக்குள் இடம்பிடித்த வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சேர்க்கும் சுமை இப்படி: வெளி ஐபி தலைப்பு 20, யூடிபி தலைப்பு 8, தன் சொந்தத் தலைப்பு 16, யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் முத்திரை 16. மொத்தம் 60. வெளிப்பயணம் ஐபிவி6 வழியாக என்றால் தலைப்பு 40 ஆகிவிடும், மொத்தம் 80. எந்த வழியில் போனாலும் பொருந்தட்டும் என்று 1500இல் 80ஐக் கழித்து 1420 என்று தன் சுரங்கத்தின் அளவை வைத்துக்கொள்கிறது. ஐபிசெக் என்றால் குறியாக்க முறையைப் பொறுத்துச் சுமை மாறும், ஒரே எண் சொல்ல முடியாது.

வயர்கார்டின் கணக்கில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: வெளியே 1500 கிடைக்கும் என்பது. பல டிஎஸ்எல், ஃபைபர் இணைப்புகள் பிபிபிஓஇ என்ற முறையில் லாகின் ஆகின்றன. அது எட்டு பைட்டைத் தின்றுவிடும், கிடைப்பது 1492. ஐபிவி4 வழியாகப் போனால் 1420ம் 60ம் 1480, தப்பித்துவிடும். அதே வீட்டில், அதே மடிக்கணினியில், விபிஎன் சர்வரின் ஐபிவி6 முகவரி கிடைத்து அதன் வழியாகப் போனால் 1420ம் 80ம் 1500. எட்டு பைட் துருத்திக்கொண்டு நிற்கும். நேற்று வேலை செய்தது இன்று வேலை செய்யவில்லை, எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களைக் கேட்காமல் வழி மாறியிருக்கும்.

இன்னொரு நிலைமை இதைவிடப் பரவலானது. இரண்டு அலுவலகங்களை அவற்றின் ரவுட்டர்களே விபிஎன் மூலம் இணைத்திருக்கும். இரு முனையிலும் உள்ள கணினிகளுக்கு நடுவில் சுரங்கம் இருப்பதே தெரியாது. இரண்டும் 1460 என்று சொல்லிக்கொள்ளும், 1500 பைட் பாக்கெட்டை அனுப்பும், ரவுட்டர் அதன் மேல் சுமையை ஏற்றப் பார்க்கும், பொருந்தாது.

பொருந்தாவிட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை 1990இலேயே தீர்மானித்துவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் பெரிய பாக்கெட்டை ரவுட்டரே துண்டு போட்டு அனுப்பும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுவதையும் திரும்ப அனுப்ப வேண்டும், ரவுட்டருக்கும் வேலை கூடும். இந்தத் துண்டாடல் கேடு என்று கிறிஸ்டோபர் கென்ட், ஜெஃப்ரி மோகுல் இருவரும் 1987இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். மூன்றாண்டு கழித்து மோகுலும் ஸ்டீவ் டீரிங்கும் ஆர்எஃப்சி 1191 என்ற இணைய நெறி ஆவணத்தில் மாற்று வழியைத் தந்தார்கள். அனுப்புபவர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் “துண்டு போடாதே” என்று குறித்து அனுப்புவார். வழியில் எந்த ரவுட்டருக்கு அது பெரிதாகப் படுகிறதோ அது பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, “பெரிதாக இருக்கிறது, என்னிடம் இவ்வளவுதான் போகும்” என்று ஐசிஎம்பி செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பும். அனுப்பியவர் அளவைக் குறைத்து மறுபடி அனுப்புவார். 1981இல் ஐசிஎம்பியை வரையறுத்தபோதே அந்தச் செய்தியில் சும்மா விடப்பட்டிருந்த ஓர் இடத்தில் இப்போது அளவை எழுதிக்கொண்டார்கள். புதிதாக எந்தச் செய்தியும் தேவைப்படவில்லை. அழகான ஏற்பாடு. அதன் ஒரே பலவீனம், அந்தச் செய்தி வந்து சேர்ந்தால்தான் எல்லாம் நடக்கும்.

அது ஏன் வருவதில்லை? 1996இல் பிங் ஆஃப் டெத் என்ற தாக்குதல் பரவியது. வரம்பு மீறிய அளவில் வடிவமைத்த ஒரு பிங் பல இயங்குதளங்களைக் கவிழ்த்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஸ்மர்ஃப் வந்தது; பிறர் பெயரில் பிங் அனுப்பி, ஒரு வலையிலுள்ள அத்தனை கணினிகளையும் அவர்மேல் பதில் கொட்டச் செய்யும் வேலை. பிங்கும் ஐசிஎம்பி செய்திதான் என்பதால், பயந்துபோன நிர்வாகிகள் ஐசிஎம்பியை முழுசாகவே அடைத்தார்கள். அந்தக் கவிழும் இயங்குதளங்களெல்லாம் சீக்கிரமே திருத்தப்பட்டுவிட்டன, அடைப்பு மட்டும் ஃபயர்வால் விதிகளில் பரம்பரைச் சொத்தாகத் தங்கிவிட்டது. அடைத்தவர் வேலை மாறிப் போயிருப்பார். அந்த விதியை நீக்க அடுத்தவருக்குத் துணிவு வராது. இன்னும் சில இடங்களில் அடைப்பே இருக்காது. செய்தியை அனுப்பும் ரவுட்டர் தனிப்பட்ட முகவரி கொண்டதாக இருக்கும், இந்த முகவரியிலிருந்து வெளியே எதுவும் வரக் கூடாதே என்று வடிகட்டி ஒன்று அதைத் தள்ளிவிடும். எப்படியோ, பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் மறைகிறது. அனுப்பியவர் நெரிசலில் தொலைந்ததாக நினைத்து அதே அளவில் மறுபடி அனுப்புகிறார், இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே. துறையில் இதற்குக் கருந்துளை என்று பெயர். 2000இல் வந்த ஆர்எஃப்சி 2923 இதைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது.

ஐபிடேபிள்ஸ் கையேட்டின் மூன்றாவது அறிகுறியை இப்போது மறுபடி படித்தால் அது பழசாகிவிட்டது தெரியும். லாகின் நடக்கும், கோப்பு நிற்கும் என்பது சாவிகள் சிறியவையாக இருந்த காலத்து அனுபவம். எக்ஸ்25519 முறையில் ஒரு பொதுச் சாவி வெறும் 32 பைட். ஆனால் எதிர்காலக் குவாண்டம் கணினி அதை உடைத்துவிடக்கூடும் என்பதால், இன்றே பதிவு செய்து வைத்து நாளை உடைப்பவர்களை மனத்தில் வைத்து, 2022 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.0 அதோடு என்ட்ரூ வகைச் சாவி ஒன்றையும் இயல்பாகச் சேர்த்தது. அதன் பொதுச் சாவி 1158 பைட், பதிலாக வரும் மறைகுறி 1039 பைட். 2025இல் வந்த 10.0 பதிப்பு எம்எல்-கெம் முறைக்கு மாறியது: 1184 பைட், 1088 பைட். பதிலோடு சர்வரின் அடையாளச் சாவியும் கையொப்பமும் வேறு சேரும். முன்பு கோப்பு அனுப்பும்போதுதான் பெரிய பாக்கெட் தேவைப்பட்டது. இப்போது அறிமுகத்திலேயே தேவைப்படுகிறது. சர்வரில் ஓபன்எஸ்எஸ்ஹெச்சைப் புதுப்பித்த மறுநாள் விபிஎன் வழி லாகின் மட்டும் நின்றுபோனால் புதுப்பிப்பைப் பழி சொல்லத் தோன்றும். பழைய முறைக்குத் திருப்பினால் வேலையும் செய்யும். ஆனால் சுரங்கத்தின் பிழை அங்கேயே இருக்கிறது. அடுத்த பெரிய பாக்கெட் வரும்வரை தெரியாது, அவ்வளவுதான்.

சோதிக்க அதே பிங் போதும், அளவைச் சொல்லிக் கேட்டால். “துண்டு போடாதே” என்று குறிக்க லினக்ஸில் பெரிய எம் சுவிட்சோடு ‘டூ’ என்ற சொல், விண்டோஸில் சிறிய எஃப், மேக்கில் பெரிய டி. பிங்குக்குத் தரும் எண்ணோடு தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1472 தந்தால் 1500. வயர்கார்டு வழியாக 1472 அனுப்பினால் உங்கள் கணினியே “1420க்கு மேல் போகாது” என்று சொல்லிவிடும். அது நேர்மையான பதில், அதில் பிரச்சினை இல்லை. 1392 தந்து பாருங்கள், கூட்டினால் 1420. இதற்கும் பதில் வந்தால் சுரங்கத்தின் மேல் சந்தேகம் வேண்டாம். இது அமைதியாகி, 1300க்குப் பதில் வந்தால் கருந்துளை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் சரியான எண்ணை ஏழெட்டுப் பிங்குகளில் பிடித்துவிடலாம். சர்வர் பக்கத்திலிருந்தும் இதைச் செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இணையத்தில் எந்தச் சட்டமும் இல்லை.

எண் கிடைத்தபின் மருந்து எளிது. உங்கள் மடிக்கணினியின் விபிஎன் என்றால் எம்டியூ எனப்படும் சுரங்கத்தின் பாக்கெட் அளவு வரம்பை அந்த எண்ணுக்குக் குறைத்தால் போதும். சிலர் கணக்கே போடாமல் 1280 என்று வைத்துவிடுவார்கள். ஐபிவி6 இயங்கும் எந்த வழியும் குறைந்தது 1280ஐச் சுமந்தே ஆக வேண்டும் என்பது விதி என்பதால் அதற்குத் தர்க்கம் உண்டு, கொஞ்சம் வேகம் வீணாகும். நடுவிலுள்ள ரவுட்டர்களின் விபிஎன் என்றால் கையேடு விளக்கும் அந்த டிசிபிஎம்எஸ்எஸ் வசதிதான் மருந்து: இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டில் கணினி 1460 என்று எழுதியிருப்பதை ரவுட்டர் போகிற போக்கில் திருத்தி, சுரங்கத்துக்குத் தக்க சிறிய எண்ணைப் போட்டுவிடும். எதிர்முனை அதை நம்பிச் சிறிய பாக்கெட்டாகவே அனுப்பும். சுத்தமாகப் பார்த்தால் இது மோசடி. இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை இடையில் நிற்பவன் திருத்தக் கூடாது என்பதே இணைய வடிவமைப்பின் அடிப்படைக் கொள்கை. ஆனாலும் இதை எதிர்ப்பவர்கூடத் தன் ரவுட்டரில் போட்டு வைத்திருப்பார். எத்தனையோ வீட்டு இணைப்புகள் இந்தச் சிறு பொய்யால்தான் ஓடுகின்றன. யூடிபிக்கு இது உதவாது என்பது வேறு விஷயம்.

எச்சரிக்கைச் செய்தியையே நம்பாத வழி ஒன்றும் உண்டு. 2007இல் மாத்திஸும் ஹெஃப்னரும் எழுதிய ஆர்எஃப்சி 4821, அனுப்புபவரே சிறிதாகத் தொடங்கி, பெரிய பாக்கெட் போய்ச் சேர்கிறதா என்று தானே சோதித்து அளவை ஏற்றிக்கொள்ளச் சொல்கிறது. லினக்ஸில் இந்த வசதி பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது, இயல்பாக அணைத்து வைக்கப்பட்டு. கருந்துளை சந்தேகம் வந்தால் மட்டும் சோதிக்கும் நடு நிலையும் அதில் உண்டு. அதை ஏன் எல்லாரும் இயல்பாகவே போட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

எல்லாத் தோல்வியும் கருந்துளை ஆகிவிடாது. இணைப்பு மறுக்கப்பட்டால் மகிழலாம் என்று மேலே சொன்னதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உள் வலைகளுக்கென்று 1996இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிய முகவரிகளில் 192.168இல் தொடங்குவது வீட்டு ரவுட்டர்களுக்குச் செல்லப்பிள்ளை. அலுவலகமும் அதே 192.168.1 வரிசையை வைத்திருந்தால், மடிக்கணினி அலுவலக சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். அந்த எண் வீட்டில் டிவிக்குக் கிடைத்திருந்தால் அதுவும் மரியாதையாக “இங்கே லாகின் கிடையாது” என்று மறுத்துவிடும். சர்வர் மறுக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். பிங்கும் ஜோராகப் போகும், ஒரு மில்லி விநாடியில். தொலைவிலுள்ள சர்வரிடமிருந்து ஒரு மில்லி விநாடியில் பதில் வருவதே துப்பு. அலுவலக வலையை அமைப்பவர் 10இல் தொடங்கும் பெரிய வரிசையிலிருந்து யாரும் எடுக்காத ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

திரும்பும் வழி இன்னொரு பழைய குற்றவாளி. விபிஎன் உங்களுக்கு 10.8.0 வரிசையில் ஒரு முகவரி தருகிறது. உள்ளே இருக்கும் சர்வருக்கு அந்த வரிசை எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அது பதிலைத் தன் வழக்கமான வாசலில் கொண்டுபோய் விடுகிறது. 1988இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வேன் ஜேக்கப்சனும் சகாக்களும் எழுதிய டிசிபிடம்ப் இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கும். சர்வரில் அதை ஓடவிட்டால் உங்கள் பாக்கெட் வருவதும் பதில் புறப்படுவதும் கண்ணெதிரே தெரியும்; மடிக்கணினியில் ஓடவிட்டால் பதில் வராதது தெரியும். இரு முனையிலும் ஒரே நேரத்தில் பார்த்த பிறகு யாரும் “எங்க பக்கம் சரி” என்று சொல்வதில்லை.

பாஸ்வேர்டு ஏற்கப்பட்டு, வரவேற்பு வரிகூட வராமல் அதன்பின் உறைவது தனி ரகம். 2018இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.8, கட்டளை தட்டும் லாகினுக்கு ஒரு புதிய முன்னுரிமைக் குறியும் கோப்பு அனுப்பலுக்கு இன்னொன்றும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் இடத் தொடங்கியது. லாகின் முடிந்த பிறகே குறி ஏறும். பழைய குறிகளை மட்டுமே அறிந்த சில கருவிகளும் மெய்நிகர் கணினி மென்பொருள்களும் இந்தப் புதிய குறி கொண்ட பாக்கெட்டுகளைத் தூக்கிப் போட்டன. ஐபிக்யூஓஎஸ் என்ற அமைப்பு வரியை மாற்றினால் சரியாகிவிடும். எந்தப் பாக்கெட் அளவைக் குறைத்தும் சரியாகாத ஒரு கோளாறு இந்த ஒற்றை வரியில் தீர்ந்துபோவதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

கடைசியாக, லாகின் ஆகி, தேநீர் குடித்துவிட்டு வந்தால் செத்துக் கிடப்பது. வழியிலுள்ள முகவரி மாற்றிகள் பேச்சில்லாத இணைப்பை மறந்துவிடுகின்றன. டிசிபி இணைப்பை இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு முன் மறக்கக் கூடாது என்று 2008இல் ஆர்எஃப்சி 5382 கேட்டுக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கணினிகள் அனுப்பும் ‘இருக்கிறேன்’ பாக்கெட் வந்து சேரட்டும் என்பதால் அந்த விசித்திரமான எண். சந்தையில் கிடைக்கும் கருவிகளில் பல அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. யூடிபி விஷயத்தில் பொறுமை இன்னும் குறைவு, அதனால்தான் வயர்கார்டு தேவைப்படுபவர்களுக்கு 25 விநாடிக்கு ஒருமுறை சும்மா ஒரு பாக்கெட் அனுப்பச் சொல்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் சர்வர்அலைவ்இன்டர்வல் என்ற வரிக்கு 30 என்றோ 60 என்றோ ஓர் எண் தந்தால் அதே வேலை நடக்கும்.

ரயிலில் போய்க்கொண்டே வேலை செய்பவர்களுக்கு, முகவரி மாறினாலும் இணைப்பு சாகாத மோஷ் பிடிக்கும். எம்ஐடியில் கீத் வின்ஸ்டைனும், சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் 2012இல் வெளியிட்டது. டிசிபியை விட்டுவிட்டு யூடிபியில் பேசும். மணிக்கணக்கில் மூடி வைத்த மடிக்கணினியைத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் கருந்துளைக்கு அது மருந்தாகாது. மோஷ் தன் முதல் அடியை எஸ்எஸ்ஹெச் லாகின் மூலமாகத்தான் எடுத்து வைக்கிறது. அந்த அறிமுகம் உறைந்தால் மோஷும் அங்கேயே நிற்கும். அதைத் தாண்டிய பிறகு விபிஎன் ஃபயர்வாலில் 60000 முதல் 61000 வரை யூடிபி போர்ட்டுகளைத் திறந்துவிடச் சொல்லி இன்னொரு கோரிக்கை எழுத வேண்டியிருக்கும்.